பழைய அமெரிக்க பேஸ்பால் சிறுவர் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பேஸ்பால் கதைப் புத்தகங்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. 1880களிலிருந்து 1970கள் வரை அமெரிக்காவில் சிறுவர்களுக்காக வந்த நாவல்கள்தான் இங்கே கணக்கு. ஓரிரண்டு இடத்தில் மட்டும் அதைத் தாண்டியிருக்கிறேன்.

1. எனக்கு பேஸ்பால் ஆட்டமே தெரியாது. கதை புரியுமா?

புரியும். கிரிக்கெட் பார்த்துப் பழகியவருக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். அணிக்கு 9 பேர், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். பிட்சர் பந்தைத் தரையில் குத்தாமல் எறிவார். பேட்டர் அதை அடித்துவிட்டு முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் (நடுவில் பத்திரமாக நிற்கக்கூடிய இடங்கள்) வழியாக ஓடி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று ஸ்ட்ரைக் ஆனால், அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை தவறவிட்டால், அவர் அவுட். மூன்று பேர் அவுட் ஆனால் மட்டை எதிரணிக்குப் போகும். அடித்த பந்து வேலியைத் தாண்டிவிட்டால் ஹோம் ரன். அப்போது பேஸ்களில் நிற்கிற எல்லோருக்கும் ரன் உண்டு.

கதைக்கு முக்கியம் வேறு இரண்டு விஷயங்கள். கிரிக்கெட்டில் அவுட் ஆனவர் அந்த இன்னிங்ஸ் முழுக்கப் பெவிலியனில் உட்கார வேண்டியதுதான். பேஸ்பாலில் வரிசை சுற்றி வரும்போது அதே ஆள் மறுபடி வருவார், ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறைகூட. காலையிலிருந்து மூன்று தடவை சொதப்பியவனுக்கு நான்காவது தடவை உண்டு. இன்னொன்று, பத்துக்கு மூன்று முறை அடித்துத் தேறினாலே அவர் நல்ல ஆட்டக்காரர். 1941இல் டெட் வில்லியம்ஸ் .406 சராசரி வைத்ததை இன்றும் வியந்து பேசுகிறார்கள். அவரும் பத்துக்கு ஆறு முறை தோற்றவர்தான். தோல்வி இப்படி அன்றாடக் கணக்கில் வரும் ஆட்டம் என்பதாலேயே இதைப் பற்றி இத்தனை கதைகள் வந்தன என்பது என் எண்ணம்.

2. ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஜான் ஆர். டியூனிஸ் எழுதிய ‘தி கிட் ஃப்ரம் டாம்கின்ஸ்வில்’, 1940இல் வந்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெரியவர்களுக்கும் சலிக்காது. ஏன் இது என்பதை 8ஆம் கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு 13ஆம் கேள்வியைப் பாருங்கள்.

3. இந்த மாதிரிக் கதைகள் எப்போ ஆரம்பிச்சது?

முழுக்க பேஸ்பாலையே மையமாக வைத்த நாவல் என்றால் பெரும்பாலும் 1884இல் வந்த ‘அவர் பேஸ்பால் கிளப்’பைத்தான் முதலில் சொல்வார்கள். எழுதியவர் நோவா புரூக்ஸ், ஆபிரகாம் லிங்கனுக்கு நெருக்கமாக இருந்த பத்திரிகையாளர். முன்னுரை எழுதியவர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். அவர் பிட்சராக இருந்து, பிறகு பந்தும் மட்டையும் விற்றுப் பெரும் வியாபாரி ஆனவர். பிள்ளைகள் கதை படித்தால் கடைக்கு வருவார்கள் என்ற கணக்கு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கதை சுமார்தான். இல்லினாய்ஸ் மாநிலத்து ஒரு சிற்றூர் அணி கோப்பையை வெல்கிறது, அவ்வளவே. வரலாற்று ஆர்வம் இருந்தால் புரட்டலாம்.

4. ஃபிராங்க் மெர்ரிவெல்னு ஒருத்தர் பெயர் எல்லாக் கட்டுரையிலும் வருதே, நிஜ ஆளா?

கற்பனை ஆள்தான். 1896இல் ‘டிப் டாப் வீக்லி’ என்ற 5 சென்ட் வார இதழில் பிறந்தவன். பர்ட் எல். ஸ்டாண்டிஷ் என்ற புனைபெயரில் எழுதியவர் மெய்ன் மாநிலத்துக்காரர் கில்பர்ட் பேட்டன். வாரம் ஏறத்தாழ 20,000 சொற்கள் என்று வருடக்கணக்கில் எழுதித் தள்ளினார்.

மெர்ரிவெல் யேல் பல்கலைக்கழக மாணவன். குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான், எந்த ஆட்டத்திலும் தோற்கவும் மாட்டான். அவன் எறிகிற ‘டபுள் ஷூட்’ பந்து முதலில் ஒரு பக்கம் வளைந்து, பிறகு காற்றிலேயே மறுபக்கம் வளையும். இயற்பியல் ஆசிரியர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வது நல்லது. பார்ட் ஹாட்ஜ் என்று ஒரு பரம எதிரி வருவான். பிறகு உயிர்த்தோழனாகி, மெர்ரிவெல்லின் பந்தைப் பிடிக்கிற கேட்சராகவே ஆகிவிடுவான். அந்த நட்பு ஒன்றுதான் இன்றைக்கும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. மற்றபடி மூன்று அத்தியாயத்துக்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

5. ‘பேஸ்பால் ஜோ’ எழுதின லெஸ்டர் சாட்விக் பத்தித் தேடினா ஒரு படம்கூடக் கிடைக்கலையே?

கிடைக்காது. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. எட்வர்ட் ஸ்ட்ராட்மையர் என்பவர் நடத்திய கதைத் தயாரிப்பு நிறுவனம் வைத்துக்கொண்ட பெயர் அது. கதைச் சுருக்கத்தை ஸ்ட்ராட்மையர் தயார் செய்து கொடுப்பார். கூலிக்கு எழுதுகிறவர்கள் அதை நாவலாக விரித்துக் கொடுத்து, ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ‘ஹார்டி பாய்ஸ்’, ‘நான்சி ட்ரூ’ எல்லாம் பின்னாளில் இதே பட்டறையிலிருந்து வந்தவைதான்.

பேஸ்பால் ஜோ வரிசை 1912 முதல் 1928 வரை 14 புத்தகங்கள். ஜோ மேட்சன் ஊர் அணியில் தொடங்கி, யேல் போய், மைனர் லீக் என்ற கீழ்நிலைப் போட்டிகள் வழியாக, உச்சநிலையான மேஜர் லீக்கில் செயின்ட் லூயிஸ், நியூயார்க் அணிகள் என்று ஏறுகிறான். ஒரு சுவாரசியம் பாருங்கள். ஜோ முதலில் பிட்சர். 1920இல் பேப் ரூத் 54 ஹோம் ரன், மறு ஆண்டு 59 என்று அடித்து நாட்டையே கிறுகிறுக்க வைத்தார். உடனே 1922இல் வந்த புத்தகத்தின் பெயர் ‘பேஸ்பால் ஜோ, ஹோம் ரன் கிங்’. சந்தை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் ஜோவும் சாய்ந்துவிட்டான்.

6. கிறிஸ்டி மாத்யூசன் நிஜமாவே ஆடினவர்தானே? அவர் பெயரில் நாவல் இருக்கே, அவரே எழுதினாரா?

ஆடியவர்தான், அதுவும் சாதாரண ஆட்டமா! நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் பிட்சர், 373 வெற்றிகள். 1905 உலகத் தொடரில் (ஆண்டின் சாம்பியனை முடிவு செய்யும் போட்டி) மூன்று ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. கல்லூரி போனவர், தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக ஞாயிற்றுக்கிழமை ஆட மறுத்தவர். மெர்ரிவெல்லுக்கு நிஜ உலகத்தில் ஒரு உடம்பு கிடைத்த மாதிரி அவரைப் பார்த்தார்கள்.

‘பிட்சர் போலக்’ முதலான நாவல்களில் பெயர் மட்டும் அவருடையது. எழுதிக் கொடுத்தவர் ஜான் வீலர் என்ற பத்திரிகையாளர். அன்றைக்கு இது சகஜம், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

7. ஏன் எல்லாக் கதையும் ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், ஹீரோ கையில மட்டைன்னே முடியுது?

1ஆம் பதிலில் சொன்ன அந்த நான்காவது வாய்ப்பு இருக்கிறதே, அதுதான் காரணம். பேஸ்பாலில் ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் கிடையாது. கடைசி ஆள் அவுட் ஆகும் வரை எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் ஜெயிக்க வழி உண்டு. கதாசிரியனுக்கு இதைவிட வசதியான ஆட்டம் எங்கே கிடைக்கும்?

வேடிக்கை என்னவென்றால், பேஸ்பாலைப் பற்றி அமெரிக்கர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு நேர்மாறாக முடிகிறது. எர்னஸ்ட் தேயரின் ‘கேசி அட் த பேட்’, 1888 ஜூன் 3 அன்று சான் பிரான்சிஸ்கோ எக்சாமினரில் வந்தது. மட்வில் ஊரே கேசியை நம்பி நிற்கிறது. முதல் இரண்டு பந்தைத் திமிராக விட்டுவிட்டு, மூன்றாவதை வீசிக் கோட்டை விடுகிறான். ஆட்டத்தின் குணம் என்னவென்று தேயருக்குத் தெரிந்திருந்தது. சிறுவர் நாவல்காரர்கள்தான் அதற்கப்புறமும் ஐம்பது வருடம் கேசியை அடிக்கவைத்துக்கொண்டே இருந்தார்கள்.

8. டியூனிஸை மட்டும் ஏன் இவ்வளவு தூக்கி வச்சுப் பேசறீங்க?

அவருடைய ஆட்களுக்கு வலிக்கும், வயதாகும், வேலை போகும். அதனால்தான்.

‘டாம்கின்ஸ்வில்’ கதையை எடுத்துக்கொள்வோம். ராய் டக்கர் கனெக்டிகட் கிராமத்துப் பையன், பாட்டி வளர்த்தவன். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஃபுளோரிடா பயிற்சி முகாமுக்கு வருகிறான். பெரிய ஆட்டக்காரர்கள் நடுவே விழித்துக்கொண்டு நிற்பவனை டேவ் லெனார்ட் என்ற பழைய கேட்சர் கைதூக்கிவிடுகிறார். ஆனால் டேவுக்கே நாள் எண்ணப்படுகிறது. வயதாகிவிட்டது என்று அணி அவரைக் கழற்றிவிடுகிறது. மெர்ரிவெல் உலகத்தில் யாருக்கும் சீட்டுக் கிழியாது. இங்கே அது மாதச் சம்பளக்காரன் வீட்டுச் சங்கதி மாதிரி நடக்கிறது. ராயோ பிட்சராக உச்சத்துக்குப் போகும் நேரத்தில், குளியலறையில் சக ஆட்டக்காரர்களின் கும்மாளத்துக்கு நடுவே விழுந்து முழங்கை போய்விடுகிறது. வில்லன் கிடையாது, சதி கிடையாது, ஈரத் தரைதான். எறிய முடியாது என்று ஆன பிறகு அவன் மட்டையைப் பிடித்து, அவுட்ஃபீல்டுக்கு (மைதானத்தின் வெளிப்பகுதிக்கு) போய், முதலிலிருந்து கற்றுக்கொள்கிறான்.

டியூனிஸ் 1889இல் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர், விளையாட்டுப் பத்திரிகையாளர். காசுக்காக நடக்கும் விளையாட்டையும் அதைச் சுற்றியுள்ள ஆர்ப்பாட்டத்தையும் கடுமையாகத் திட்டி எழுதியவர். ‘அயர்ன் டியூக்’ என்ற தன் முதல் இளைஞர் நாவலைப் பெரியவர்களுக்கென்று நினைத்துத்தான் எழுதினார். பதிப்பகம் சிறுவர் பட்டியலில் போட்டபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்காக என்று எழுத்தைத் தணிக்காததால்தான் நிற்கிறது என்பேன். பிலிப் ராத் தன் ‘அமெரிக்கன் பாஸ்டொரல்’ நாவலில் ‘டாம்கின்ஸ்வில்’லைப் பற்றிப் பக்கக்கணக்கில் எழுதியிருக்கிறார்.

9. படிச்சு முடிச்சேன். ராய் பிழைச்சானா இல்லையா? முடிவு அந்தரத்துல நிக்குதே!

கதை முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். கடைசியில் ராய் ஒரு பந்தைத் துரத்திப்போய் சுவரில் மோதி விழுகிறான். பந்தை விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இடி இடித்து மழை கொட்டுகிறது, புத்தகம் முடிந்துவிடுகிறது. ஜெயித்த ஆட்டத்தில் இப்படி ஒரு முடிவு வைக்க 1940இல் தைரியம் வேண்டும்.

பிழைத்துவிட்டான். அடுத்த ஆண்டு வந்த ‘வேர்ல்ட் சீரிஸ்’ நாவலில் கிளீவ்லாந்து அணிக்கு எதிராக ஆடுகிறான். 1946இல் வந்த ‘தி கிட் கம்ஸ் பேக்’கில் உலகப்போருக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டு திரும்புகிறான். ஆனால் ‘டாம்கின்ஸ்வில்’ முடித்த கையோடு அடுத்ததை எடுக்காதீர்கள். இரண்டு நாளாவது அந்த முடிவோடு இருங்கள்.

10. ‘கீஸ்டோன் கிட்ஸ்’ல யூதர்களைத் திட்டற வசை வருதாமே. பத்து வயசுப் பையனுக்குக் கொடுக்கலாமா?

வருகிறது. வருவதற்காகவே டியூனிஸ் எழுதிய புத்தகம் அது. 1943, ஐரோப்பாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரியும். டாட்ஜர்ஸ் அணிக்கு ஜாக்கோ கிளைன் என்ற யூத கேட்சர் வருகிறான். அவனைக் குத்திப் பேசுகிறவர்கள் எதிரணியினர் மட்டுமில்லை, சொந்த அணிக்காரர்களும்தான். இளம் வயதிலேயே மேனேஜராகிவிட்ட ஸ்பைக் ரசல், இதை எப்படிக் கையாள்வது என்று தெரியாமல் தடுமாறுகிறான். அவன் தம்பி பாப் கூட முதலில் தவறான பக்கம்தான். நல்லவர்களும் கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ந்து ஒருவனை ஒதுக்குவார்கள் என்பதைப் பூசி மெழுகாமல் காட்டியதற்காகவே இதை மதிக்கிறேன்.

பத்து வயதுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டாம், கூட உட்கார்ந்து படியுங்கள். பன்னிரண்டுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம்.

11. இந்தப் புத்தகங்கள்ல கறுப்பின ஆட்டக்காரர்களே இல்லையே, ஏன்?

மைதானத்திலேயே இல்லை. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் ஆடியதற்குப் பிறகு, மேஜர் லீக் கதவு கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மூடியேதான் கிடந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் இதே டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கும் வரை இந்த நிலைதான். நாவல்களும் அந்த மூடிய கதவைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டன.

இல்லாமல் இருப்பதைவிட மோசம், இருக்கிற இடங்கள். மெர்ரிவெல், பேஸ்பால் ஜோ காலத்துக் கதைகளில் கறுப்பின வேலைக்காரர்களும் புலம்பெயர்ந்தவர்களும் கொச்சை பேசிச் சிரிப்பு மூட்டும் பொம்மைகளாகவே வருவார்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று பிள்ளைக்கு அப்படியே இறக்கிக் கொடுத்துவிடாதீர்கள், நீங்கள் ஒருமுறை புரட்டிவிட்டுக் கொடுங்கள்.

12. என் பொண்ணு பேஸ்பால் பைத்தியம். ‘பாய்ஸ், பாய்ஸ்’னே இருக்கு எல்லாம். அவளுக்கு என்ன இருக்கு?

பழையதில் சொல்லிக்கொள்கிற மாதிரி எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. சிறுவர்களுக்கான லிட்டில் லீக் 1939இல் பென்சில்வேனியா மாநிலம் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கியது. பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது 1974இல்தான், அதுவும் வழக்கு நடந்த பிறகு.

அதனால் காலக்கோட்டைத் தாண்டி ஒன்று சொல்கிறேன். பெட்டி பாவ் லார்ட் 1984இல் எழுதிய ‘இன் த இயர் ஆஃப் த போர் அண்ட் ஜாக்கி ராபின்சன்’. 1947இல் சீனாவிலிருந்து புரூக்ளின் வரும் ஒரு சிறுமிக்கு ஆங்கிலம் தெரியாது, தோழிகள் இல்லை. பேஸ்பால் வழியாகவும் ராபின்சன் வழியாகவும் அவள் அந்த ஊருக்குள் நுழைகிறாள். வேறு நாட்டில் பள்ளிக்கூடம் மாறிய பிள்ளைகள் யாராக இருந்தாலும் இதைக் கொடுக்கலாம்.

13. பேரன் அமெரிக்காவுல லிட்டில் லீக் ஆடறான், எட்டு வயசு. என்ன வாங்கித் தரலாம்?

மேட் கிறிஸ்டோபர், யோசிக்கவே வேண்டாம். 1954இல் ‘தி லக்கி பேஸ்பால் பேட்’டில் தொடங்கி நூற்றுக்கும் மேல் எழுதினார். சின்னச் சின்ன அத்தியாயம், எளிய வாக்கியம், ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரச்சினை. பந்து மேலே பட்டுவிடுமோ என்று பயப்படும் பையன், தூரம் எறிய முடியாத பையன் என்று அவன் வயதுக்காரர்களேதான் கதாநாயகர்கள். ‘தி கிட் ஹூ ஒன்லி ஹிட் ஹோமர்ஸ்’ எட்டு வயதுக்குச் சரியாக இருக்கும். இலக்கியம் தேடாதீர்கள். புத்தகம் முழுதாக முடித்தோம் என்ற கெத்து பிள்ளைக்கு வரும், அது போதும்.

இன்னும் இரண்டு மூன்று வயது கூடினதும் ஆல்ஃபிரட் ஸ்லோட்டின் ‘ஹேங் டஃப், பால் மேதர்’ கொடுக்கலாம். 1973இல் வந்தது. இரத்தப் புற்றுநோய் உள்ள ஒரு சிறுவன், நல்ல பிட்சர், மருத்துவமனைக்கும் மைதானத்துக்கும் நடுவே. அழவைப்பதற்கென்று அழவைக்காத கதை.

14. சிப் ஹில்டன், ப்ளூ சாக்ஸ்: இந்த ரெண்டு வரிசையையும் எண்ணுப்படிதான் படிக்கணுமா?

சிப் ஹில்டனை ஆம் என்பேன். பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வளர்கிறான். அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் மூன்றும் மாறி மாறி வரும். எழுதிய கிளேர் பீ பெயர் பெற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர். ஆட்ட நுணுக்கம் அசத்தலாக இருக்கும், மனிதர்கள் கொஞ்சம் விறைப்பு. 1990களின் கடைசியில் அவர் மகளும் மருமகனும் காலத்துக்கேற்பத் திருத்தி மறுபதிப்பு கொண்டுவந்தார்கள். பழைய வாசம் வேண்டுமென்றால் 1948 முதல் வந்த மூலப் பதிப்பைத் தேடுங்கள்.

டுவேன் டெக்கரின் ப்ளூ சாக்ஸ் 13 புத்தகங்கள், 1947 முதல். எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். ஒவ்வொன்றிலும் அணியில் ஓரிடம் காலியாகும். போனவர் பெரிய ஆள், வந்தவனை யாரும் நம்பமாட்டார்கள். ஒரே வித்தைதான், ஆனால் எனக்கு ஒருமுறையும் அலுத்ததில்லை.

15. ‘தி நேச்சுரல்’ படம் பார்த்தேன், பிரமாதம். நாவலைப் பையனுக்கு வாங்கலாமா?

வேண்டாம். பெர்னார்ட் மாலமுட் 1952இல் எழுதியது முழுக்கப் பெரியவர்களுக்கான நாவல். சபலம், துப்பாக்கிச் சூடு, லஞ்சம் எல்லாம் உண்டு. 1984இல் வந்த படத்தில் ராய் ஹாப்ஸ் விளக்குகள் சிதற ஹோம் ரன் அடிக்கிறான். நாவலில் ஸ்ட்ரைக் அவுட். 7ஆம் கேள்வியில் சொன்ன கேசியின் தம்பி. நீங்கள் படியுங்கள், ‘டாம்கின்ஸ்வில்’லுக்குப் பிறகு படித்தால் இன்னும் ருசிக்கும்.

16. ஜேன் கிரே கௌபாய் கதைக்காரர் இல்லையா? அவரும் பேஸ்பால் எழுதினாரா?

எழுதினார், நன்றாகவே எழுதினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படிக்கும்போது அணியில் ஆடியவர். தம்பி ரோமர், செல்லப்பெயர் ‘ரெடி’, 1903இல் பிட்ஸ்பர்க் அணிக்காக ஒரே ஒரு மேஜர் லீக் ஆட்டம் ஆடியவர். ‘தி ஷார்ட் ஸ்டாப்’ 1909, ‘தி யங் பிட்சர்’ 1911, ‘தி ரெட்ஹெடட் அவுட்ஃபீல்ட்’ சிறுகதைத் தொகுப்பு 1920. டியூனிஸுக்கு முந்தைய காலத்தில் ஒரே ஒருவரைப் படிக்கச் சொன்னால் இவரைத்தான் சொல்வேன். பந்து கையில் எரிவது, மைதானத்துப் புழுதி, உள்ளூர்க்காரர்களின் கூச்சல் எல்லாம் ஆடியவன் எழுத்து என்று தெரியும்.

17. இலவசமா எங்கே கிடைக்கும்? தமிழ்ல மொழிபெயர்த்து வெளியிடலாமா?

பேஸ்பால் ஜோவின் பல பாகங்களும் ஜேன் கிரேயின் பேஸ்பால் கதைகளும் புராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் சட்டப்படி இலவசம். இந்தியாவில் காப்புரிமை ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். கிரே 1939இல் இறந்தார், எனவே தமிழில் கொண்டுவர யாரையும் கேட்க வேண்டியதில்லை. மெர்ரிவெல்லின் பேட்டன் இறந்தது 1945, அதுவும் தடையில்லை. இலங்கையில் கணக்கு 70 ஆண்டுகள். அங்கும் இவர்கள் இருவரும் விடுபட்டுவிட்டார்கள்.

டியூனிஸ் விஷயம் வேறு. அவர் இறந்தது 1975. இந்தியக் கணக்குப்படி 2035 முடியும் வரை அவருடைய உரிமையாளர்களிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்காமல் ஒரு அத்தியாயம்கூட வெளியிட முடியாது. மொழிபெயர்த்து வைத்திருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். சொந்தப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள், பொதுவில் போடாதீர்கள். அவசரமாக மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்றால் ‘தி யங் பிட்சர்’ கையில் இருக்கிறதே, அதில் தொடங்குங்கள்.